உள்ளங்காலில் தொடங்குங்கள்: தோல் புற்றுநோயின் அறிகுறிகளை நம் தோலில் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பாவின் வலது குதிகாலில் நிலக்கடலை அளவில் ஒரு கறுப்பு இருந்தது. வயலில் அறுபது ஆண்டுகள் வெறுங்காலுடன் நடந்த கால் அது. தோல் தடித்து, வெடிப்பு விழுந்து, வெடிப்புக்குள் செம்மண் ஏறிக் கிடக்கும். அந்தக் காலில் புதிதாக ஒரு கறுப்பு வந்ததை யார் கவனிப்பார்கள்? முள் குத்தி உள்ளே நின்றுவிட்டது என்றார்கள் முதலில். பிறகு கால் ஆணி என்றார்கள். மருந்துக் கடையில் கால் ஆணிக்கென்று விற்கும் பிளாஸ்டரை வாங்கி ஒட்டிக்கொண்டார். மேல்தோல் வெந்து உரிந்தது; கறுப்பு அப்படியே இருந்தது. எட்டு மாதம் கழித்து, பெரியம்மா விரித்த படுக்கை விரிப்பில் இரத்தக் கறை தெரிந்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனோம். திசுப் பரிசோதனையில் மெலனோமா என்று வந்தது. தோல் புற்றுநோய்களில் மிகக் கொடியது அது.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நமக்குக் கூடவா தோல் புற்றுநோய் வரும்? அது வெள்ளைக்காரர்களுக்கு வருவதல்லவா?" வரும். குறைவாக வரும். இந்தியாவில் காணப்படும் புற்றுநோய்களில் தோல் புற்றுநோயின் பங்கு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஆனால் நமக்கு வரும்போது வேறு இடத்தில், வேறு முகத்தோடு வருகிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் வெயிலில் சிவந்த வெள்ளை முதுகுகளில் எடுத்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு நம் உடம்பைத் தேடினால் தேட வேண்டிய இடத்தை விட்டுவிடுவோம். நான் மருத்துவர் அல்ல. அந்த எட்டு மாதத்தை மறக்க முடியாத குடும்பத்து ஆள். அதற்குப் பிறகு தோல் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, பழுப்பும் கறுப்புமான நம் தோலுக்கு ஏற்றபடி, நீங்களே வீட்டில் செய்து பார்க்கும் வரிசையில் எழுதுகிறேன்.

தேடும் முன் தெரிய வேண்டியது

தோல் புற்றுநோயில் மூன்று வகைகள் முக்கியமானவை. மேல்தோலின் அடியடுக்கில் உள்ள செல்களில் தொடங்குவது பேசல் செல் கார்சினோமா. மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது, ஆனால் விட்டுவைத்தால் மூக்கையும் கண் இமையையும் அரித்துவிடும். மேலடுக்குச் செல்களில் தொடங்குவது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. இது ஆறாத புண்ணாகவோ காலிஃப்ளவர் போன்ற வளர்ச்சியாகவோ தெரியும், நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்கு, பரவக்கூடும். மூன்றாவது மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் செல்களில் பிறப்பது. எண்ணிக்கையில் மிகக் குறைவு. தாமதித்தால் நுரையீரல், கல்லீரல், மூளை என்று போய்விடும்.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் முதலிரண்டு வகைக்கும், வெள்ளைத் தோலில் வரும் மெலனோமாவுக்கும் பெரும் காரணம். நம் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்கு மேலும் குடை பிடித்தாற்போல் திரண்டு நின்று அந்தக் கதிர்களைத் தடுக்கிறது. அதனால்தான் நம்மிடையே இந்நோய் குறைவு. ஆனால் உள்ளங்காலில் வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை. பழைய தழும்பில் வரும் புற்றுக்கும் வெயில் தேவையில்லை. குடை காக்காத இடங்களில்தான் நமக்கு ஆபத்து. ஆசிய மக்களுக்கு வரும் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதி உள்ளங்கை, உள்ளங்கால், நகம் ஆகிய இடங்களில் வருகிறது. வெள்ளையர்களிடம் அந்த இடங்களில் வருவது நூற்றுக்கு இரண்டு மூன்றுதான்.

முதல் படி: நேரம், வெளிச்சம், துணை

மாதம் ஒருமுறை போதும். குளித்து முடித்ததும், தோல் நனைந்து அழுக்கு நீங்கியிருக்கும்போது பாருங்கள். சன்னல் வெளிச்சம் சிறந்தது. கைக்கண்ணாடி ஒன்று, கைபேசி ஒன்று, அதில் உள்ள டார்ச் போதும். முதுகையும் தலையையும் பார்க்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மருதாணி வைத்த விரலில் நகத்தின் நிறம் தெரியாது; சிவப்பு நகம் வளர்ந்து வெளியேற மாதக்கணக்கில் ஆகும். நகப்பூச்சும் அப்படித்தான். எப்போதும் பூசுகிறவர்கள் மாதத்தில் ஒரு நாளாவது முழுக்கத் துடைத்துவிட்டு நகங்களை வெறுமையாகப் பாருங்கள். பண்டிகைக்கு மருதாணி அரைப்பதற்கு முந்தைய நாளைச் சோதனை நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது. மெட்டி அணியும் விரலையும், கொலுசு உரசும் கணுக்காலையும் அவற்றைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: பாதம்

இங்கேதான் தொடங்க வேண்டும், இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மறுதொடை மேல் போட்டு, பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். குதிகால், பாதத்தின் நடுவளைவு, விரல்களுக்குக் கீழே உள்ள மேடு, விரலிடுக்குகள் என்று வரிசையாகப் பாருங்கள். மண்ணும் செருப்புச் சாயமும் சோப்பில் போய்விடும். போகாத கறுப்பு இருந்தால் அதை நெருங்கிப் பாருங்கள்.

கூர்ந்து பார்த்தால் உள்ளங்காலிலும் கைரேகை போலவே மேடும் பள்ளமுமாக நுண்ணிய கோடுகள் ஓடும். தோல் மருத்துவர்கள் டெர்மோஸ்கோப் என்ற ஒளி பொருத்திய உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பது இந்தக் கோடுகளைத்தான். சாதாரண மச்சத்தில் கறுப்பு பள்ளங்களின் வழியே கோடு கோடாக ஓடும். மெலனோமாவில் மேடுகளின் மேல் படியும். ஜப்பானிய மருத்துவர்கள் கண்டு சொன்ன வேறுபாடு இது. வீட்டில் வெறும் கண்ணால் இதை முடிவு செய்ய முடியாது. ஆனால் மருத்துவர் ஏன் கருவியை வைத்துப் பார்க்கிறார், அந்தக் கருவி இல்லாதவர் ஏன் மற்றொருவரிடம் அனுப்புகிறார் என்பது புரியும்.

நம் கண்ணுக்குத் தெரியக்கூடியவை வேறு. கறையின் விளிம்பு, தண்ணீர் பட்ட மை போல ஒரு பக்கம் மங்கிப் பரவியிருக்கிறதா? ஒரே கறையில் இளம்பழுப்பு, கரும்பழுப்பு, கறுப்பு, சாம்பல் என்று பல நிறங்கள் கலந்திருக்கின்றனவா? வாழ்நாளில் இல்லாமல் நாற்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு வந்ததா? சிறு கறை பென்சிலின் பின்முனையைவிட, அதாவது 6 மி.மீ.-ஐவிட, அகன்றுவிட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக அது போதும்.

எல்லாப் பாத மெலனோமாவும் கறுப்பாக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். சில சமயம் நிறமே இல்லாமல் இளஞ்சிவப்புச் சதைத் துண்டாக, தொட்டால் இரத்தம் கசிவதாக வரும். அதைச் சர்க்கரைப் புண் என்றோ, ஆணி முற்றிப் புண்ணானது என்றோ நினைத்து மாதக்கணக்கில் கட்டுப்போடுவார்கள். சர்க்கரை நோயாளிகள் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இது பெரிய ஏமாற்று. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்து, புண்ணை ஒழுங்காகக் கழுவிக் கட்டி, அழுத்தம் படாமல் பார்த்துக்கொண்டும் இரண்டு மாதமாக ஆறவில்லையென்றால், "இதிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. சர்க்கரை இல்லாத ஒருவருக்குக் காலில் காரணமில்லாமல் புண் வந்து நின்றால் இரண்டு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கால் ஆணிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு சொல்கிறேன். ஆணி, எலும்பு துருத்தி அழுத்தம் விழும் இடத்தில் வரும், அழுத்தினால் வலிக்கும், மேலே செதுக்கினால் உள்ளே கண்ணாடி போன்ற வெளிறிய மையம் தெரியும். பாதத்து மருவைச் செதுக்கினால் கடுகு போல் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். மெலனோமா தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலியில்லாத கறுப்பை நாம் பொருட்படுத்துவதில்லை. பெரியப்பாவும் மருத்துவரிடம் போகும்வரை "வலியே இல்லையே" என்றுதான் சொன்னார்.

மூன்றாம் படி: நகம்

ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு வலது கால் பெருவிரலில் ஒரு கோளாறு இருந்தது. கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்று நினைத்திருந்தார். 1977-இல் சோதித்தபோது நகத்துக்கு அடியில் மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே 11 அன்று இறந்தபோது அவருக்கு வயது 36. அடிபட்டதால் நோய் வந்தது என்று பொருளில்லை. அடிபட்ட நினைவு இருந்தால் நோய்க்கு ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது. "கதவில் நசுங்கியது", "கல் தடுக்கியது" என்று எல்லோருக்கும் ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும்.

நகத்துக்கு அடியில் கட்டிய இரத்தமா, வேறா என்று அறிய எளிய வழி உண்டு. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும், கால் நகம் அதில் பாதி. கறுப்பின் அடிப்பக்க ஓரம் எங்கே இருக்கிறதோ, அந்த மட்டத்தில் நகத்தின் மேல் பிளேடால் மெல்லக் கீறியோ அழியாத மையால் கோடிட்டோ ஒரு குறி வையுங்கள். அன்றே ஒரு படமும் எடுங்கள். உறைந்த இரத்தமாக இருந்தால், நகம் வளர வளரக் குறியோடு சேர்ந்து கறுப்பும் நுனியை நோக்கி நகரும். பின்னால் சுத்தமான நகம் முளைக்கும். ஒரு மாதத்தில் கைவிரலிலும், இரண்டு மாதத்தில் கால்விரலிலும் இது தெளிவாகத் தெரிந்துவிடும். குறி நகர்ந்து, கறுப்பு மட்டும் நக அடியை விட்டு விலகாமல் நின்றால் மருத்துவரிடம் போங்கள். இந்தச் சோதனை, அடிபட்டது உறுதியாகத் தெரிந்த நகத்துக்கு மட்டும்தான். கீழே சொல்லும் அறிகுறிகள் இருந்தால் மாதக்கணக்கில் கோடு போட்டுக் காத்திருக்கக் கூடாது.

நகத்தின் அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடும் பழுப்புக் கோடு பலருக்கும் உண்டு. கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் இருப்பது இயல்பு. வைட்டமின் பி12 குறைவாலும் சில மருந்துகளாலும் நகங்கள் கறுக்கும். எனவே கோடு கண்டதும் கலங்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நகத்தில், அதிலும் கைக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாக வந்த கோடுதான் சந்தேகத்துக்குரியது. 3 மி.மீ.-க்கு மேல் அகலம், நக அடியில் அகன்று நுனியில் குறுகும் முக்கோண வடிவம், கோட்டுக்குள்ளேயே ஏறி இறங்கும் நிறம், நகம் பிளந்து சிதைவது ஆகியவை சந்தேகத்தைக் கூட்டும். எல்லாவற்றையும்விடக் கனமான அறிகுறி, கறுப்பு நகத்தைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தோலில் கசிந்திருப்பது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜொனாதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இதை விவரித்தார். அவர் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'கருநகச்சுற்று' என்று வரும். நம் பாட்டிமார் நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழம் செருகுவார்கள். நகச்சுற்று வலிக்கும், சீழ் பிடிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். வலிக்காமல், சீழ் இல்லாமல், மாதக்கணக்கில் நிற்கும் கறுத்த நகச்சுற்று வேறு கதை.

நான்காம் படி: பழைய தழும்பு, ஆறாத புண், இடுப்பு

மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்த செய்தி நாளிதழில் அடிக்கடி வந்த காலம் ஒன்று உண்டு. அந்த நெருப்பில் பிழைத்த பெண்கள் பலர் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். கழுத்திலும் கையிலும் தொடையிலும் இழுத்துப் பிடித்த தழும்புகளோடு, அவற்றை முந்தானையால் மறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்களை நினைத்தே இந்தப் பகுதியை எழுதுகிறேன். நெருப்புக் காயத் தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்று வரலாம். சராசரியாக முப்பது ஆண்டு இடைவெளி சொல்கிறார்கள். மார்ஜோலின் புண் என்று இதற்குப் பெயர். 1828-இல் இத்தகைய புண்களை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. பெரும்பாலும் ஸ்குவாமஸ் வகைதான். ஆனால் சாதாரண தோலில் வருவதைவிட வேகமாக நெறிகளுக்குப் பரவும்.

அமைதியாகக் கிடந்த தழும்பு திடீரென்று வெடித்துப் புண்ணாகிறதா? புண்ணின் ஓரம் தடித்து, இதழ் போல வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா? சாதாரணப் புண் ஆறும்போது ஓரம் சரிவாக, இளஞ்சிவப்பாக உள்நோக்கி மூடிக்கொண்டு வரும். புற்றின் ஓரம் எழும்பி நிற்கும். நடுவில் காலிஃப்ளவர் போலச் சதை வளர்கிறதா, முன்பு இல்லாத நாற்றம், இரத்தக் கசிவு, வலி தோன்றியிருக்கின்றனவா? தழும்பு அரித்துச் சொறிந்ததால்தான் புண்ணானது என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். எண்ணெய் தடவிப் பார்ப்போம் என்று மாதங்களைக் கடத்தாதீர்கள்.

நெருப்புத் தழும்பில் மட்டும் வருவதில்லை இது. நரம்புச் சுருட்டலால் கணுக்காலில் பல ஆண்டு ஆறாத புண், எலும்பு வரை போய்ச் சீழ் வடியும் பழைய புண், தொழுநோயால் உணர்விழந்த பாதத்தின் புண் ஆகியவற்றின் ஓரத்திலும் வரலாம். பத்து ஆண்டாக அதே புண் என்றால் "அது அப்படித்தான்" என்று பழகிப்போய்விடும். பழகிய புண்ணின் முகம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

தோல் ஒரே இடத்தில் ஓயாமல் உரசினாலும் வேகினாலும் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள் தணல் நிரப்பிய காங்கிரிச் சட்டியை வைத்துக்கொள்வார்கள். அடிவயிற்றிலும் உள்தொடையிலும் அந்தச் சூடு பட்டுப் பட்டு வருவது காங்கிரிப் புற்று. 1945-இல் மும்பையின் வி. ஆர். கனோல்கர், வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வந்த புற்றைப் பதிவு செய்தார். பின்னர் சேலை கட்டும் பெண்களிடமும் அது கண்டறியப்பட்டது. காரணம் சேலை இல்லை. அதைத் தாங்க இறுக்கி முடியும் பாவாடை நாடா. இது மிக அரிது, பயந்து உடை மாற்ற வேண்டாம். ஆனால் இடுப்பில் நாடா பதிந்து கறுத்துத் தடித்த வளையம் பல பெண்களுக்கு உண்டு. அங்கே ஒரு புண் வந்து ஆறாமல் நின்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நாடாவுக்குப் பதில் அகன்ற பட்டி வைத்துத் தைத்துக்கொள்வதும், கட்டும் இடத்தைச் சற்று ஏற்றி இறக்குவதும் நல்லது.

ஐந்தாம் படி: முகம், உதடு, தலை

மூக்கின் பக்கவாட்டு, கண்ணின் உள்மூலை, கீழ் இமை, கன்னம், காது. பேசல் செல் புற்று விரும்பும் இடங்கள் இவை. வெள்ளைத் தோலில் இது முத்துப் போல் பளபளக்கும் இளஞ்சிவப்புக் கட்டியாகத் தெரியும். நம் தோலில் பெரும்பாலும் நிறம் ஏறி, கறுப்பாகவோ நீலம் பாய்ந்த சாம்பலாகவோ இருக்கும். அதனால் மச்சம் என்றே நினைத்துவிடுகிறோம். விளிம்பைக் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சிறு மணிகளைக் கோத்தது போல் எழும்பி, ஈரம் பட்டது போல் பளபளத்தால் சந்தேகிக்க வேண்டும்.

இதன் நடத்தையே இதைக் காட்டிக்கொடுக்கும். முகம் கழுவித் துண்டால் துடைக்கும்போது இரத்தம் வரும். பொருக்குத் தட்டும். உதிரும். ஆறிவிட்டது என்று நிம்மதி அடைவீர்கள். மூன்று வாரத்தில் அதே இடத்தில் மறுபடி இரத்தம். இப்படி ஓராண்டு, ஈராண்டு போகும். முகப்பரு ஒரே இடத்தில் அப்படி வருவதில்லை.

கீழுதட்டில் ஆறாத வெடிப்பு, தடித்த வெள்ளைத் திட்டு, குறிப்பாகப் புகைப்பவர்களுக்கும் வெயிலில் உழைப்பவர்களுக்கும் இருந்தால் காட்ட வேண்டும். வாயைத் திறந்து டார்ச் அடித்து அண்ணத்தையும் ஈறையும் பாருங்கள். நம்மில் பலருக்கு ஈறு இயல்பாகவே கறுப்புதான், இரு பக்கமும் சீராக இருக்கும். அண்ணத்தில் ஒரு பக்கம் மட்டும் புதிதாக வந்த கறுப்புத் திட்டு அப்படியல்ல. மெலனோமா ஆசனவாயிலும் பிறப்புறுப்பிலும்கூட வரும். மூலம் என்று தாமே மருந்து போட்டுக்கொண்டு மருத்துவரிடம் காட்டாமல் இருப்பவர்கள் இதை ஒருமுறை நினைக்க வேண்டும்.

தலைக்கு எண்ணெய் வைத்துவிடுபவரும், முடி வெட்டுபவரும் உங்களுக்கு இன்னொரு ஜோடிக் கண்கள். "தலையில் ஏதாவது புதிதாகத் தெரிகிறதா?" என்று கேட்டு வையுங்கள்.

ஆறாம் படி: மச்சங்களைப் படிப்பது

உடம்பின் மற்ற இடங்களில் உள்ள மச்சங்களுக்கு உலகெங்கும் பயன்படும் விதி ஒன்று, ஆங்கில எழுத்துகளின் வரிசையில், ஏ, பி, சி, டி என்று 1985-இல் நியூயார்க் மருத்துவர்கள் வகுத்தது. நடுவில் கோடு போட்டால் இரு பாதியும் ஒத்துப்போகாதது, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறம், 6 மி.மீ.-க்கு மேல் விட்டம் ஆகிய நான்கும் அன்று இருந்தன. ஐந்தாவதாகப் பின்னர் சேர்ந்த 'ஈ' மாற்றத்தைக் குறிக்கும். என்னைக் கேட்டால் நமக்கு அந்த ஐந்தாவதுதான் முதலாவது. நாற்பது ஆண்டாக அசையாமல் இருந்த மச்சம் ஆறு மாதத்தில் வளர்ந்தால், நிறம் மாறினால், அரித்தால், இரத்தம் கசிந்தால், மற்ற நான்கும் பொருந்தாவிட்டாலும் காட்ட வேண்டும்.

இன்னொரு வழி, கூட்டத்தில் ஒட்டாததைத் தேடுவது. ஒருவர் உடம்பிலுள்ள மச்சங்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல் ஒன்றுக்கொன்று சாயலில் ஒத்திருக்கும். எதிலும் சேராமல் ஒன்று தனித்து நின்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் தொங்கும் பாலுண்ணி, வயதானவர்கள் முதுகில் மெழுகை ஒட்டிவைத்தது போன்ற கரும்பழுப்புத் திட்டுகள், நடுத்தர வயதில் கன்னத்தில் வரும் கடுகளவுக் கரும்புள்ளிகள், மங்கு, தேமல் ஆகியவை புற்று அல்ல. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அதனால் மெலனோமா கூடுவதில்லை.

ஏழாம் படி: படமும் தேதியும்

சந்தேகமானதன் அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அளவு தெரிவதற்காகத்தான் நாணயம். ஒவ்வொரு முறையும் அதே நாணயத்தையே வையுங்கள். ஒன்று கிட்டத்தில், ஒன்று உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி. நாட்காட்டியில் நாள் குறித்துக்கொள்ளுங்கள். புண்ணோ கட்டியோ நான்கு வாரத்தில் ஆறவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். முன்பே சொன்ன நக அறிகுறிகள், பாதத்தில் வளரும் கறை, தழும்பில் எழும்பும் சதை ஆகியவற்றுக்கு நான்கு வாரமும் வேண்டாம்.

தொடையிடுக்கு, அக்குள், கழுத்து ஆகியவற்றையும் தடவிப் பாருங்கள். காலில் புண் இருந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது நமக்குத் தெரிந்ததுதான்; அது வலிக்கும், புண் ஆறினால் அமுங்கும். வலியில்லாமல் கல் போல் நிற்கும் நெறி அவசரமானது.

செய்யக் கூடாதவை

மச்சத்தையும் மருவையும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்துக் கருக்காதீர்கள். குதிரை முடியால் கட்டி அறுக்காதீர்கள். அழகு நிலையத்தில் கொடுத்துச் சுடாதீர்கள். மருவாக இருந்தால் தழும்போடு போகும். புற்றாக இருந்தால் மேலே உள்ளது மட்டும் கருகி உதிரும், வேர் கீழே வளரும், எவ்வளவு ஆழம் என்று அளக்க வேண்டிய திசு அழிந்துபோகும். லேசரில் எடுக்கும்போதும் இதே சிக்கல் உண்டு. சந்தேகமான எதை எடுத்தாலும் ஃபார்மலின் குப்பியில் போட்டு நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். "எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புகிறீர்களா?" என்று எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

எட்டாம் படி: மருத்துவரிடம்

முதலில் பார்க்க வேண்டியவர் தோல் மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புற்று என்று உறுதியானால் சென்னையில் 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, இலங்கையில் மகரகம மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் பயாப்சி (திசுப் பரிசோதனை) என்பார். உடனே வீட்டில் ஒருவர், "கத்தி பட்டால் பரவிவிடும்" என்பார். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். பயாப்சிக்கு நாள் குறித்த பிறகு அந்தப் பேச்சாலேயே இரண்டு வாரம் தள்ளிப்போனோம். தோலில் பயாப்சி எடுப்பதால் புற்று பரவுவதில்லை. முற்றிய பிறகு எடுத்து, சில மாதத்தில் நோயாளி இறந்துபோனால், பழி கத்தி மேல் விழுகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, பேனா மூடி போன்ற கருவியால் சில மில்லிமீட்டர் துண்டு எடுப்பார்கள், அல்லது முழுவதையும் வெட்டி எடுப்பார்கள்; ஒன்றிரண்டு தையல், அன்றே வீடு. பழைய தழும்பின் புண் என்றால் ஓரத்தில் பல இடங்களில் எடுப்பது முறை. ஒரே துண்டில் இல்லை என்று வந்து, புண் மட்டும் வளர்ந்துகொண்டே போனால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மெலனோமா என்று வந்தால் அறிக்கையில் பார்க்க வேண்டிய முதல் எண் தடிமன். அமெரிக்க நோய்க்கூறு மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-இல் வகுத்த அளவு அது: மேற்பரப்பிலிருந்து கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது. 1 மி.மீ.-க்குக் குறைவாக இருக்கும்போதே அகற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். 4 மி.மீ. தாண்டினால் நிலைமை கடினம். அந்த 3 மி.மீ. இடைவெளியில்தான் நாம் முள் என்றும் ஆணி என்றும் கழித்த மாதங்கள் இருக்கின்றன. அறிக்கையையும், திசுவை மெழுகில் பதித்த பிளாக்கையும், ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த மருத்துவமனையில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

கூடுதல் கவனம் யாருக்கு

பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு அந்த மெலனின் குடை இல்லை. வெயிலில் படும் இடமெல்லாம் அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே சோதனை வேண்டும், முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் சன் ஸ்கிரீனும் வேண்டும். நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளில் அரிதாக வரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு: வெயில் பட்டால் கண் கூசும், இரண்டு மூன்று வயதிலேயே முகமெங்கும் கரும்புள்ளிகள் கொட்டும். அந்தக் குழந்தையை உடனே காட்ட வேண்டும். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை உட்கொள்வதால், ஸ்குவாமஸ் வகை அவர்களுக்குப் பல மடங்கு கூடும். ஆர்செனிக் கலந்த நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு, மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் நிகழ்ந்தது போல, உள்ளங்கையில் முள் முள்ளாகத் தடிப்பு வந்து பின்னர் புற்றாகலாம்.

குனிந்து தம் பாதத்தைப் பார்க்க முடியாத முதியவர்கள் இன்னொரு கூட்டம். முழங்கால் வலி, தொப்பை, கண்புரை என்று காரணம் ஏதாவது இருக்கும். அவர்களுக்கு நகம் வெட்டிவிடுபவர்தான் சோதிக்க வேண்டும்.

பெரியப்பாவின் குதிகாலில் அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தொடையிடுக்கில், புற்று பரவினால் முதலில் எட்டும் நெறியை எடுத்துச் சோதித்தார்கள், அதில் பரவியிருக்கவில்லை. தடி ஊன்றி நடக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்த பரிசோதனை இப்போது ஆண்டுக்கு ஒருமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு பெரியம்மா அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, இரண்டு பாதத்தையும் மடியில் தூக்கி வைத்துக் கழுவி, விரலிடுக்கு வரை டார்ச் அடித்துப் பார்க்கிறார். அது முடிந்ததும் தம் காலைக் கழுவிக்கொண்டு வந்து, "இப்போது என்னுடையதைப் பாருங்கள்" என்று நீட்டுகிறார்.